கூப்பிட்ட ஓநாய் சொல்வழி கேட்கவில்லையா? அழைப்பு மந்திரக் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில், போயா நாட்களில், நாங்கள் ஆறு பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக் கதைக்குள் ஆடும் மேசை ஆட்டம்) ஆடுகிறோம். பெரும்பாலும் நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்பவர். யாராவது ட்ரூயிட்டோ (இயற்கை மந்திரவாதி) விஸார்ட்டோ (ஏடு படித்த மந்திரவாதி) எடுத்தால், பிராணிகளைத் துணைக்கு அழைக்கும் மூன்றாம் லெவல் மந்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரே மாதிரியான கோளாறுகள் வரிசையாக வரும். ஓநாய்கள் வந்து சும்மா நிற்கும். பூதம் கூப்பிட்டவரையே எரிக்கும். நடுச்சண்டையில் எல்லாம் மறைந்துபோகும். உடனே சண்டை நின்றுவிடும், புத்தகம் புரளும், ஆறு பேருடைய பின்னேரத்தில் அரை மணி காணாமல் போகும். இவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். மந்திரத்தின் வரியை மறுபடி வாசிக்க ஒன்றும் போகாது. ஒரு ஸ்லொட் (ஒருமுறை மந்திரம் போடும் வாய்ப்பு) வீணானால் அன்றைய சண்டையில் நட்டம். மந்திரத்தையே மாற்றுவதற்கு ட்ரூயிட்டுக்கு ஒரு நீண்ட ஓய்வு போதும். ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர்) அடுத்த லெவல் வரை காத்திருக்க வேண்டும். விஸார்ட் புதிய மந்திரத்தைத் தன் ஏட்டில் எழுத மந்திரத்தின் ஒரு லெவலுக்கு 50 பொற்காசும் 2 மணி நேரமும் செலவழிக்க வேண்டும். பாத்திரத்தின் ஃபீட்டை (சிறப்புத் திறமையை) மாற்றுவது எல்லாவற்றிலும் விலை கூடியது.

## எதற்கும் முன்: எந்தப் பதிப்பு?

எங்கள் மேசையில் அச்சுப் புத்தகம் ஒன்றுதான் இருக்கிறது. மற்ற ஐந்து பேரும் கைபேசியில் பார்க்கிறார்கள். பாதிக் கோளாறு அங்கேயே தொடங்குகிறது, ஏனென்றால் 2014 விதிப்புத்தகத்திலும் 2024 விதிப்புத்தகத்திலும் "கொன்ஜர் அனிமல்ஸ்" (மிருகங்களை வரவழைப்பது) என்ற அதே பெயரில் இரண்டு வேறு மந்திரங்கள் இருக்கின்றன.

2014இல் உண்மையான மிருகங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி எச்பி (உயிர்ப் புள்ளி) உண்டு, தனித் தாக்குதல் உண்டு. 2024இல் வருவது தொட முடியாத ஆவி மிருகங்களின் ஒரே கூட்டம். அதற்கு எச்பி கிடையாது. உங்கள் முறையில் நீங்கள் நகரும்போது அதையும் 30 அடி வரை நகர்த்தலாம். அதற்கு 10 அடிக்குள் அகப்படும் எதிரி டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பால் தப்பப் போடும் தாயம்) போட வேண்டும். தவறினால் 3டி10 (பத்து முகத் தாயம் மூன்று) சேதம். ஒருவர் அதை வாசித்துக்கொண்டும் இன்னொருவர் இதை வாசித்துக்கொண்டும் வாதாடினால் இருவருமே சரி, வாதம் முடியாது.

கீழே நான் எழுதுவது 2014 விதிப்படி. மற்றவற்றில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## அறிகுறி: மந்திரம் போட்டாச்சு, ஒன்றும் வரவில்லை

மந்திரம் போட எவ்வளவு நேரம் எடுக்கும்? முதலில் இந்த வரியைப் பாருங்கள். கொன்ஜர் அனிமல்ஸ் ஒரே அக்ஷனில் (ஒரு முறையில் செய்யும் முக்கியச் செயலில்) முடியும். பூதத்தை அழைக்கும் கொன்ஜர் எலிமென்டலுக்கு ஒரு நிமிடம் வேண்டும். ஒரு ரவுண்ட் (எல்லாரும் ஒருமுறை ஆடும் சுற்று) 6 செக்கன் என்பதால் அது 10 ரவுண்ட். எங்கள் மேசையில் பத்து ரவுண்ட் ஓடிய சண்டையை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்த ஒரு நிமிடமும் ஒவ்வொரு முறையிலும் உங்கள் அக்ஷனை அதற்கே கொடுக்க வேண்டும், கொன்சன்ட்ரேஷனும் (மந்திரத்தின் மேல் வைத்த கவனமும்) கலையக் கூடாது. நடுவில் கலைந்தால் மந்திரம் வராது, ஆனால் ஸ்லொட்டும் போகாது. இந்தக் கடைசி வரி பலருக்குத் தெரியாததால் வீணாக ஸ்லொட்டை வெட்டிவிடுகிறார்கள். ஆகவே பூதம் வேண்டுமென்றால் கதவைத் திறப்பதற்கு முன்பே தொடங்குங்கள்.

கையில் பொருள் இருக்கிறதா? 2020இல் வந்த "சம்மன்" வரிசை மந்திரங்களுக்கு விலை குறித்த பொருள் வேண்டும். மிருக ஆவியை அழைக்கும் சம்மன் பீஸ்டுக்குப் பொன்முலாம் பூசிய ஒரு கருவாலிக் கொட்டை, குறைந்தது 200 பொற்காசு பெறுமதி. தேவதை ஆவியை அழைக்கும் சம்மன் ஃபேக்கு 300. விலை குறித்த பொருளுக்குப் பதிலாக மந்திரக்கோலை நீட்ட முடியாது. ஆறுதல் என்னவென்றால், இந்தப் பொருட்கள் தீர்ந்துபோவதில்லை. ஒருமுறை வாங்கினால் போதும். ஃபமிலியர் என்ற சிறு துணைப் பிராணியை அழைக்கும் ஃபைன்ட் ஃபமிலியருக்கு வேண்டிய 10 பொற்காசுக் கரியும் தூபமும் மூலிகையும் அப்படியில்லை. அவை ஒவ்வொரு தடவையும் எரிந்து முடியும்.

இடம் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரிகிற, வேறு யாரும் நிற்காத இடத்தில்தான் வரும். ஒற்றைக் கட்டம் அகலமான சுரங்கப் பாதையில் எட்டு ஓநாய் கேட்டால் வரிசையாக வால் பிடித்துத்தான் நிற்கும்.

பாத்ஃபைண்டர் என்ற இதேபோன்ற வேறோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு ஆடுகிறீர்களா? அங்கே அழைப்பு மந்திரத்துக்கு ஒரு முறைக்குரிய மூன்று அக்ஷனும் வேண்டும். ஓர் அடி நகர்ந்துவிட்டால் அந்த முறையில் போட முடியாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் டிஎம்மிடம் கேளுங்கள். அந்த அறையில் மந்திரத்தைத் தடுக்கும் ஏதோ ஒன்றை அவர் ஒளித்து வைத்திருக்கக் கூடும். அப்போது "ஏன் வரவில்லை?" என்று சண்டை பிடிக்காமல், "ஏன் வரவில்லை என்று என் பாத்திரத்துக்கு விளங்குமா?" என்று கேட்டால் ஆர்க்கேனா (மந்திர அறிவு) சோதனை போடச் சொல்வார். கதையும் நகரும்.

## அறிகுறி: வந்துவிட்டது, ஆனால் சும்மா நிற்கிறது

அதன் முறை வந்துவிட்டதா? கொன்ஜர் அனிமல்ஸ் கூட்டத்துக்குத் தனி இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற வரிசைத் தாயம்) போட வேண்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. சம்மன் வரிசையில் வரும் ஆவிக்கு அது வேண்டாம். உங்கள் முறை முடிந்த கையோடு அதன் முறை.

நீங்கள் ஏதாவது சொன்னீர்களா? பத்துக்கு ஒன்பது தடவை கோளாறு இதுதான். கட்டளை சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது ஒவ்வொரு மந்திரத்திலும் வேறு. கொன்ஜர் அனிமல்ஸ் மிருகங்கள் தம்மைத் தாக்குபவரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும், வேறொன்றும் செய்யா. சம்மன் பீஸ்டின் ஆவி டொட்ஜ் (அடிக்கு விலகுவது) எடுத்து ஆபத்திலிருந்து விலகி நிற்கும். இந்த இரண்டிலும் வாயால் சொன்னால் போதும், உங்கள் அக்ஷன் எதுவும் செலவாகாது. அந்த மிருகத்துக்கு மொழி தெரியுமா என்ற வாதத்தையும் தொடங்க வேண்டாம். அது கீழ்ப்படியும் என்று மந்திரமே சொல்கிறது.

வாயால் சொல்ல முடிகிறதா? எதிரி சைலன்ஸ் என்ற ஒலியடக்கும் மந்திரத்தைப் போட்டிருந்தால் அந்த வட்டத்துக்குள்ளிருந்து குரல் வெளியே வராது. நீங்களும் ஓநாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். வட்டத்தை விட்டு வெளியே வந்து சொல்லுங்கள். அனிமேட் டெட் மந்திரம் எழுப்பும் எலும்புக்கூடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்கு மனதாலேயே கட்டளை போகிறது. ஆனால் அதற்கு ஒரு போனஸ் அக்ஷன் (கூடுதலான சிறு செயல்) வேண்டும், 60 அடிக்குள் இருக்கவும் வேண்டும். கொடுத்த வேலை முடியும்வரை அவை தொடர்ந்து செய்யும் என்பதால் "இந்த வழியால் யார் வந்தாலும் அடி" போன்ற நீண்ட கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு ரவுண்டும் போனஸ் அக்ஷன் போகாது.

அது ஃபமிலியரா? ஃபமிலியர் தாக்காது. ஆந்தையை எறிந்து கோப்ளினை (குட்டி அரக்கனை) கொத்தச் சொன்ன பிள்ளைகள் எத்தனையோ பேர். அதற்குப் பதிலாக ஹெல்ப் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் நண்பரின் அடுத்த தாக்குதலுக்கு அட்வான்டேஜ் (இரண்டு தாயம் போட்டுப் பெரியதை எடுப்பது) கிடைக்கும். நீங்கள் போடும் தொடு மந்திரத்தை 100 அடிக்குள் உங்களுக்காகக் கொண்டுபோய்த் தொடவும் செய்யும். செயின் ஒப்பந்தம் எடுத்த வார்லொக் (ஒப்பந்தத்தால் மந்திரம் பெற்றவர்) மட்டும் தன் ஒரு தாக்குதலை விட்டுக்கொடுத்து ஃபமிலியரைத் தாக்க வைக்கலாம்.

பாத்ஃபைண்டர் 2இல் ஒவ்வொரு முறையும் ஓர் அக்ஷன் செலவழித்து மந்திரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பிராணிக்கு 2 அக்ஷன் கிடைக்கும். மறந்தால் நிற்பதோடு முடியாது, அந்த முறையின் முடிவில் போய்விடும்.

இந்த அறிகுறிக்கு டிஎம்மைக் கூப்பிடும் தேவை எனக்கு அநேகமாக வந்ததில்லை.

## அறிகுறி: நடுச்சண்டையில் மறைந்துவிட்டது

இன்னொரு கொன்சன்ட்ரேஷன் மந்திரம் போட்டீர்களா? ரேஞ்சர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஓநாய்களை அழைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஹன்டர்ஸ் மார்க் (இரையைக் குறிக்கும் மந்திரம்) போடுவார்கள். இரண்டுக்கும் கொன்சன்ட்ரேஷன் வேண்டும். இரண்டாவது வந்ததும் முதலாவது போய்விடும். எங்கள் மேசையில் இதற்கு ஒரு வழி கண்டோம். கொன்சன்ட்ரேஷன் மந்திரம் ஓடும்போது பாத்திரத் தாளில் மந்திரத்தின் பெயர் மேல் ஒரு பத்து ரூபாய்க் குற்றியை வைப்போம். அடுத்த கொன்சன்ட்ரேஷன் மந்திரம் போட வேண்டுமென்றால் குற்றியைக் கையால் தூக்கி நகர்த்த வேண்டும். தூக்கும்போதே நினைவு வந்துவிடும். அதன் பிறகு இந்தத் தவறு எங்களிடம் ஏறக்குறைய நின்றுவிட்டது.

உங்கள் மேல் அடி விழுந்ததா? சேதம் படும் ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகக் கொன்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ். டிசி (எட்ட வேண்டிய எண்) 10, அல்லது பட்ட சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. 30 சேதம் பட்டால் டிசி 15. மூன்று பேர் மூன்று அம்பு விட்டால் மூன்று சேவ்.

இதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். சேவுக்கு +2 வைத்திருக்கும் ட்ரூயிட் டிசி 10ஐத் தாண்ட 8 அல்லது அதற்கு மேல் போட வேண்டும். வாய்ப்பு 65 சதவீதம். மூன்று தடவை தொடர்ந்து தாண்டும் வாய்ப்பு வெறும் 27 சதவீதம். வோர் காஸ்டர் ஃபீட் இருந்தால் அட்வான்டேஜ் கிடைப்பதால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 88, மூன்று தடவைக்கு 68 சதவீதம்.

ஆனால் ஃபீட் வாங்க ஓடாதீர்கள். முதலில் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். ஓநாய்கள் முன்னே போகும்போது நீங்களும் ஏன் அவற்றோடு முன்னே போகிறீர்கள்? அழைத்த உடனே ஒரு தூணுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். இது இலவசம், அடுத்த ரவுண்டிலேயே பலன் தெரியும். பின்னே நின்றும் அடிக்கடி கலைகிறதென்றால் மட்டும் ஃபீட்டைப் பற்றி யோசியுங்கள்.

நீங்கள் செயலிழந்தீர்களா? தூங்கிப்போனாலும், ஸ்டன் ஆனாலும், உடல் விறைத்துப்போனாலும் கொன்சன்ட்ரேஷன் முடிந்துவிடும். சேவ்கூடக் கிடையாது.

பிராணிக்கு மட்டும் ஏதாவது நடந்ததா? எச்பி பூச்சியம் ஆனால் போய்விடும். மந்திரத்தை அடக்கும் அன்டிமெஜிக் வட்டத்துக்குள் போனதால் மறைந்திருந்தால் அவசரப்பட்டுத் தாளிலிருந்து வெட்ட வேண்டாம். வட்டம் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததும் திரும்ப வரும். ஆனால் மறைந்திருக்கும் நேரமும் மந்திரத்தின் ஒரு மணி நேரத்தில்தான் கழியும்.

## அறிகுறி: அழைத்தது நம்மையே தாக்குகிறது

இதை விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் மற்றக் கோளாறுகளில் நேரம்தான் போகும், இதில் பாத்திரமே போய்விடும்.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். விஸார்ட் முறைப்படி ஒரு நிமிடம் செலவழித்து கொன்ஜர் எலிமென்டல் போட்டு நெருப்புப் பூதத்தை அழைத்தார். எல்லாருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் நிமிடத்தில் ஒரு கோப்ளின் விட்ட அம்பு விஸார்ட்டின் தோளில் பட்டது. சேதம் வெறும் 5. டிசி 10. அவர் போட்டது 7, கூட்டல் 1. கொன்சன்ட்ரேஷன் போய்விட்டது. "சரி, பூதம் மறைந்துவிட்டது" என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கினார். மறையவில்லை. அந்த மந்திரத்தில் கொன்சன்ட்ரேஷன் கலைந்தால் பூதம் போகாது. உங்கள் பிடி மட்டும்தான் போகும். உங்களுக்கும் உங்கள் கூட்டாளிகளுக்கும் எதிரியாக மாறும். நீங்கள் நினைத்தாலும் அதை அனுப்ப முடியாது. அழைத்து ஒரு மணி நேரம் ஆனால்தான் தானாகப் போகும். அவர்களுக்கு இன்னும் 57 நிமிடம் மிச்சம் இருந்தது. ஓடிப்போய்க் கதவைப் பூட்டினார்கள். நெருப்புப் பூதத்துக்கு ஓர் அங்குல இடுக்குப் போதும், கதவுக்கு அடியால் வந்தது. அதற்கு 102 எச்பி, வேகம் 50 அடி. மனிதனுக்கு 30. அன்று இரண்டு பாத்திரங்களை இழந்தோம்.

இப்போதே நடந்துகொண்டிருக்கிறதா? செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். எல்லாரும் ஒரே திசையில் ஓடாமல் பிரிந்து ஓடுங்கள். ஒரு பூதம் ஒருவரைத்தான் துரத்தும். கிளெரிக்கிடம் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவரிடம்) புரொடெக்ஷன் ஃப்ரொம் ஈவில் அண்ட் குட் என்ற காப்பு மந்திரம் இருந்தால் பூதம் துரத்துகிறவரைத் தொட்டுப் போடுங்கள். முதலாம் லெவல் மந்திரம்தான்; அவர்மேல் பூதத்தின் தாக்குதல்கள் எல்லாம் டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு தாயத்தில் சிறியதை எடுப்பது) வரும். நான்காம் லெவல் ஸ்லொட் மிச்சமிருந்தால் பேனிஷ்மென்ட், அதாவது வேற்றுலகுக்கு அனுப்பும் மந்திரம். அது கரிஸ்மா (ஆளுமை) சேவ், நெருப்புப் பூதத்துக்குக் கரிஸ்மா 7 என்பதால் –2. ஒன்பதாம் லெவலில் இன்டெலிஜன்ஸ் 18 உள்ள விஸார்ட்டின் டிசி 16. பூதம் தப்ப 18 அல்லது அதற்கு மேல் போட வேண்டும், அதாவது 85 சதவீதம் உங்கள் பக்கம். ஆனால் அந்தக் கொன்சன்ட்ரேஷனை ஒரு முழு நிமிடம் காக்க வேண்டும். நடுவில் கலைந்தால் பூதம் அதே இடத்துக்குத் திரும்பி வரும். காத்தால் அதன் சொந்த உலகத்துக்கே போய்விடும்.

இனிமேல் நடக்காமல் இருக்க? எந்தப் பூதத்தை அழைக்கிறீர்கள் என்று யோசியுங்கள். காற்றுப் பூதம் 90 அடி பறக்கும், நெருப்பு 50 அடி. மண் பூதமும் நீர்ப் பூதமும் தரையில் 30 அடிதான். பிடி விட்டுப்போனால் நாம் தப்பி ஓடக்கூடியது இந்த இரண்டிடமிருந்தும்தான். ஒன்பது லெவல் விஸார்ட்டுக்கு நான் மண் பூதத்தைத்தான் சொல்வேன். வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் வரை வைத்திருந்து வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். வேறு சண்டை வரப்போகிறதென்று தெரிந்தால் அதைத் தனியே தூர அனுப்பி வையுங்கள்.

எலும்புக்கூடுகளா? அனிமேட் டெட்டின் பிடி 24 மணி நேரம்தான். அது முடிவதற்கு முன் மறுபடி அதே மந்திரத்தைப் போட்டால் நான்கு வரை புதுப்பிக்கலாம். எங்களைப் போல் மாதத்துக்கு ஒருமுறை கூடுபவர்களுக்கு இதில் ஒரு கஷ்டம் உண்டு. சென்ற போயாவுக்கு நிறுத்தியபோது கதைக்குள் எத்தனை மணி என்று இந்தப் போயாவில் யாருக்கும் நினைவிருக்காது. மந்திரம் போட்ட நேரத்தைக் கதைக் கணக்கில் தாளில் எழுதி வையுங்கள். புதுப்பிக்காமல் 24 மணி கடந்தால் அவை உங்கள் சொல்லைக் கேட்காது என்பது மட்டுமே விதியில் இருக்கிறது. அதன் பிறகு அவை என்ன செய்யும் என்பது டிஎம் தீர்மானம். அங்கே அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

பேயா? சம்மன் கிரேட்டர் டீமனில் வரும் பேய் தன் ஒவ்வொரு முறையின் முடிவிலும் சேவ் போடும். ஒருமுறை வென்றாலே பிடி போய்விடும். அதன் உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரிந்தால் அந்தச் சேவுக்கு டிஸ்அட்வான்டேஜ். உண்மைப் பெயர் தெரியாமல் இந்த மந்திரத்தைப் போட வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

2024 புத்தகத்தில் கொன்ஜர் எலிமென்டல் தொட முடியாத ஓர் ஆவியாக மாறிவிட்டது. இந்த எதிரியாகும் சிக்கல் அங்கே இல்லை.

## அறிகுறி: கேட்டது ஒன்று, வந்தது வேறு

கொன்ஜர் அனிமல்ஸில் நீங்கள் தெரிவுசெய்வது எண்ணிக்கையையும் சிஆர் எனப்படும் வலிமை அளவையும்தான்: சிஆர் 2இல் ஒன்று, 1இல் இரண்டு, 1/2இல் நான்கு, 1/4இல் எட்டு. எந்த மிருகம் என்பதை டிஎம் தெரிவுசெய்வார். ஆட்டத்தை வெளியிடுபவர்களின் அதிகாரபூர்வ விளக்கமும் இதுதான். இந்த வரியை வாசிக்காமல் வந்து கோபப்படும் ஆட்டக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மந்திரத்தின் எழுத்தில் அது அவ்வளவு தெளிவாக இல்லை.

யானை கேட்காத இலங்கைப் பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. யானை சிஆர் 4. இந்த மந்திரத்தில் 2தான் உச்சம், எந்த ஸ்லொட்டில் போட்டாலும் யானை வராது. பெரிய ஸ்லொட்டில் எண்ணிக்கைதான் கூடும்: ஐந்தாம் லெவலில் இரண்டு மடங்கு, ஏழாம் லெவலில் மூன்று மடங்கு. சிறுத்தை வேண்டுமென்றால் புத்தகத்தில் உள்ள பான்தரை எடுக்கலாம், அது 1/4. முதலை 1/2.

செலவில்லாத தீர்வு: சண்டை நடக்காத ஒரு நாளில் டிஎம்மும் நீங்களும் உட்கார்ந்து, அந்தக் கதையின் நிலத்துக்குப் பொருந்தும் நாலைந்து மிருகங்களைப் பேசி முடிவுசெய்யுங்கள். எங்கள் கதை வன்னிக்காடு போன்ற ஒரு காட்டில் நடக்கிறது. அதனால் பன்றி, முதலை, பான்தர், விஷப்பாம்பு என்று ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாளுக்குப் பிறகு இந்த வாதம் எங்களிடம் வரவில்லை. அதுவும் ஒத்துவராவிட்டால் சம்மன் பீஸ்டுக்கு மாறுங்கள். அங்கே நிலம், நீர், ஆகாயம் என்ற மூன்றில் ஒன்றை நீங்களே தெரிவுசெய்யலாம், எண்களும் மந்திரத்திலேயே இருக்கின்றன.

## அறிகுறி: சண்டை நகரவே இல்லை

எட்டு ஓநாய்கள். கூட்டாளி பக்கத்தில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் அட்வான்டேஜ். அதாவது டி20 (இருபது முகத் தாயம்) பதினாறு தடவை. அதற்குப் பிறகு 2டி4+2 சேதம், பட்டவர் விழாமலிருக்கப் போடும் சேவ், எட்டுக் காய்களை நகர்த்துவது. ஒரு ட்ரூயிட்டின் முறை முடிவதற்குள் கீழே போய் ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கி வந்துவிடலாம். நாங்கள் அப்படி வாங்கியும் இருக்கிறோம்.

தாயங்களைத் தனித்தனியாகப் போடுகிறீர்களா? எல்லா டி20களையும் சேர்த்து ஒரே வீச்சில் போடுங்கள். சேதத்துக்குத் தாயமே வேண்டாம், புத்தகத்தில் அச்சாகியிருக்கும் சராசரி 7ஐ எடுங்கள். இது மட்டுமே எங்கள் மேசையில் நேரத்தைப் பாதியாக்கியது.

காய்கள் குழம்புகின்றனவா? எட்டு ஓநாய்க்கும் பொம்மை வாங்கத் தேவையில்லை. நாங்கள் புளியங்கொட்டையில் மார்க்கரால் 1 முதல் 8 வரை எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வோர் ஓநாய்க்கும் 11 எச்பி. ஒரு தாளில் அதே எண்களை எழுதி, பட்டதைக் கழித்துவருவோம்.

இன்னும் மெதுவாக இருக்கிறதா? டிஎம் கையேட்டில் கூட்டத் தாக்குதலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எதிரியின் ஏசியிலிருந்து (தற்காப்பு எண்ணிலிருந்து) தாக்குதல் போனஸைக் கழியுங்கள். வருவது 5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஒவ்வோர் ஓநாயும் படும். 6 முதல் 12 என்றால் இரண்டுக்கு ஒன்று படும். 13, 14 என்றால் மூன்றுக்கு ஒன்று. 15, 16 என்றால் நான்குக்கு ஒன்று. எதிரியின் ஏசி 15, ஓநாயின் போனஸ் +4, வித்தியாசம் 11. எட்டில் நான்கு படும், 28 சேதம், தாயமே உருளாமல் முடிந்தது. இந்தக் கணக்கு அட்வான்டேஜைச் சேர்ப்பதில்லை. அட்வான்டேஜோடு உண்மையில் ஆறு பட வேண்டும், 42 சேதம். ட்ரூயிட்டுக்கு அது அநியாயம் என்று பட்டதால் எங்கள் மேசையில் ஆறு என்றே வைத்துக்கொள்கிறோம்.

அதற்கும் சரிவரவில்லையா? எட்டைக் கேட்காதீர்கள். சிஆர் 1இல் இரண்டு டயர் வொல்ஃப் (பெரிய ஓநாய்), ஒவ்வொன்றுக்கும் 37 எச்பி. சேதம் நன்றாகவே குறையும், ஆனால் முறை ஒரு நிமிடத்தில் முடியும். நான் ட்ரூயிட்டாக ஆடும்போது இப்போது இதைத்தான் செய்கிறேன்.

மற்றவர்கள் கைபேசியை எடுக்கத் தொடங்கிவிட்டார்களா? அதுதான் டிஎம்மைக் கூப்பிட வேண்டிய கட்டம். ஓநாய்களை மற்ற ஆட்டக்காரர்களுக்கு இரண்டிரண்டாகப் பங்கிடச் சொல்லிக் கேளுங்கள். கட்டளை உங்களுடையது, தாயம் அவர்களுடையது. தன் முறைக்காகச் சலித்துப்போய் உட்கார்ந்திருந்த எங்கள் ஃபைட்டர் (போர்வீரராக ஆடுபவர்) ஓநாய்க்குப் பெயர் வைத்து, அது செத்தபோது உண்மையாகவே கவலைப்பட்டார்.

## அறிகுறி: வந்த உடனே செத்துப்போகிறது, அல்லது அடித்தும் ஏறவில்லை

ஃபயர்போல் என்ற நெருப்புக்குண்டு மந்திரத்தின் சராசரிச் சேதம் 28. சேவ் வென்றாலும் 14. ஓநாய்க்கு 11 எச்பிதான். அதாவது சேவ் போட்டும் பயனில்லை. ஓநாய்களை நெருக்கமாக விடாமல் பரப்பி விடுங்கள். ஃபயர்போலின் ஆரை 20 அடி, குறுக்களவு 40 அடி, அதாவது எட்டுக் கட்டம். அதைவிடத் தள்ளி இரண்டு மூன்று குழுவாக நிறுத்தினால் ஒரே வீச்சில் எல்லாம் போகாது.

அடித்தும் சேதம் பாதியாகிறதென்றால் எதிரிக்கு மந்திரமில்லாத ஆயுதத் தாக்குதலுக்கு எதிர்ப்பு இருக்கும். அப்போது சேதத்தை மறந்துவிட்டு விழவைப்பதைப் பாருங்கள். ஓநாயின் கடி பட்டாலே, சேதம் பாதியானாலும், எதிரி விழாமலிருக்கச் சேவ் போட வேண்டும். விழுந்தவரைப் பக்கத்தில் நின்று அடிக்கும் எல்லாருக்கும் அட்வான்டேஜ். ஆறாம் லெவல் ஷெப்பர்ட் வட்ட (ட்ரூயிட்களில் ஒரு பிரிவு) ட்ரூயிட்டின் மிருகங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அவற்றின் தாக்குதல் மந்திரமாகக் கணக்காகும். ஆனால் அதற்காக வட்டத்தை மாற்றுவது பாத்திரத்தையே புதிதாக எழுதுவதற்குச் சமம்.

சம்மன் பீஸ்ட் போடுபவர்கள் ஸ்லொட்டைக் கவனியுங்கள். ஆவியின் தாக்குதல் எண்ணிக்கை ஸ்லொட் லெவலில் பாதி, கீழே வெட்டி. இரண்டாம் லெவலில் ஒரு தாக்குதல், மூன்றாம் லெவலிலும் ஒன்றுதான். நான்காம் லெவலில் இரண்டு. ஏசி 11 கூட்டல் ஸ்லொட் லெவல். நில மிருகத்தின் எச்பி 30இல் தொடங்கி லெவலுக்கு 5 கூடும். மூன்றாம் ஸ்லொட்டில் போட்டால் ஏசி ஒன்று கூடும், எச்பி ஐந்து கூடும், சேதம் ஒன்று கூடும், அவ்வளவுதான். இரட்டைப்படை ஸ்லொட்டில் போடுங்கள். மூன்றாம் ஸ்லொட்டை வேறு மந்திரத்துக்கு வையுங்கள்.

## டிஎம்மிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்

சண்டை நடுவில் என்றால் அவர் சொல்லும் தீர்ப்பை அந்த நேரத்துக்கு ஏற்றுக்கொண்டு ஆடி முடியுங்கள். பிறகு வீட்டுக்குப் போய் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: மந்திரத்தின் பெயர், 2014ஆ 2024ஆ, எந்த ஸ்லொட், எது நடந்தது, நீங்கள் எதை எதிர்பார்த்தீர்கள். ஐந்தே விஷயம். மந்திரத்தின் அந்தப் பத்தியைப் படம் எடுத்துக் கூடவே அனுப்பினால் இன்னும் நல்லது. அப்படி வந்த கேள்வி ஒவ்வொன்றுக்கும் அடுத்த போயாவுக்குள் நான் பதில் கொடுத்திருக்கிறேன். எனக்கே விளங்காத இரண்டை மட்டும் என்னைவிட நீண்ட காலம் மேசை நடத்தும் ஓர் அண்ணாவிடம் கேட்டு, அவர் சொன்னதை மேசைத் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.